பாதியில் நிற்காத பணம்: ஸ்டெம் செல் ஆய்வுக்கு எந்த வழி நல்லது?

2010 அக்டோபரில் என் தம்பி படுக்கையில் விழுந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பைக் விபத்தில் முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அந்த மாதம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், மனிதக் கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து (உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல் அது) வளர்த்த செல்களை, தண்டுவடம் அடிபட்ட ஒருவருக்குச் செலுத்தியிருக்கிறார்கள் என்று. உலகிலேயே அதுதான் முதல் முறை. அம்மா அந்தச் செய்தியை வெட்டி எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அந்தச் சோதனை அடிபட்டு இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதும், தம்பிக்கு அது பொருந்தாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் என் மனதில் இன்றுவரை உறுத்துவது வேறு விஷயம். 2011 நவம்பரில் அந்தச் சோதனையை நடத்திய ஜெரான் நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. ஐந்து பேருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். செல்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. கையில் இருக்கும் பணத்தைப் புற்றுநோய் மருந்துகளில் போடுவது மேல் என்று நிறுவனம் முடிவு செய்தது. அவ்வளவுதான்.

அப்போதிருந்து இந்த ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள், யார் நிறுத்துகிறார்கள் என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். ஓர் அரசு நாளைக்கே ஸ்டெம் செல் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க நினைத்தால், அதற்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் யாராவது ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறார்கள். வருடா வருடம் மத்திய பட்ஜெட்டில் மானியம் தருவது வாஷிங்டன் வழி. சந்தையிடம் விட்டுவிடுவது இரண்டாவது. மக்களிடம் ஓட்டு வாங்கி, கடன் பத்திரம் விற்று, தனி நிதியம் அமைப்பது கலிஃபோர்னியா வழி. தேசியத் திட்டமாக ஒரே துறையில் மொத்தமாக இறங்குவது ஜப்பான் வழி. எதில் எவ்வளவு பணம் என்பதை விட, அந்தப் பணத்தை யார், எப்போது, எவ்வளவு சுலபமாக நிறுத்த முடியும் என்பதை வைத்துத்தான் இந்த நான்கையும் நான் எடை போடுகிறேன்.

வாஷிங்டன்: பெரிய கை, நடுங்கும் கை

1998 நவம்பரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார். ஆனால் அந்த வேலைக்கு மத்திய அரசின் ஒரு டாலர்கூட அவரால் தொட முடியவில்லை. 1996-லேயே டிக்கி-விக்கர் திருத்தம் என்று ஒன்றை நாடாளுமன்றம் பட்ஜெட்டோடு சேர்த்து நிறைவேற்றியிருந்தது. கருவை அழிக்கும் எந்த ஆய்வுக்கும் மத்தியப் பணம் கிடையாது. தாம்சன் தனி இடத்தில், தனியார் பணத்தில் அந்த வேலையைச் செய்தார். பணம் தந்த நிறுவனம், மேலே சொன்ன அதே ஜெரான்.

எதிர்ப்பவர்களின் தரப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சி, உறைநிலையில் கிடக்கும் சில நாள் கருவும் ஓர் உயிர்தான், அதை ஆய்வுக்காக அழிக்கக் கூடாது என்பது பலருடைய ஆழ்ந்த நம்பிக்கை. தன் வரிப்பணம் அதற்குப் போவதை ஒருவர் எதிர்ப்பதில் நேர்மை இருக்கிறது. அந்தக் கருக்கள் எப்படியும் தூக்கி எறியப்படப்போகின்றன என்ற பதில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. எல்லோருக்கும் போதாது.

2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் தோன்றி ஒரு நடுவழியை அறிவித்தார். அன்றைய தேதி வரை உருவாக்கப்பட்டிருந்த செல் வரிசைகளில் (ஒரு கருவிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) ஆய்வு செய்ய மத்தியப் பணம் உண்டு, அதற்குப் பிறகு உருவானவற்றுக்குக் கிடையாது. அறுபதுக்கும் மேல் வரிசைகள் இருக்கின்றன என்றார். உண்மையில் ஆய்வாளர்கள் கைக்கு வந்தவை இருபத்தொன்றுதான். அதன் பிறகு ஆய்வகங்கள் பட்ட பாடு சாதாரணமல்ல. மத்தியப் பணத்தில் வாங்கிய நுண்ணோக்கியைப் புதிய செல் வரிசைக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால் ஒரே கட்டடத்தில் எல்லாக் கருவிகளையும் இரண்டிரண்டாக வாங்கி, கணக்கையும் தனித்தனியாக எழுதினார்கள். இந்தத் தடையைத் தளர்த்த நாடாளுமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றியது. 2006 ஜூலையில் புஷ் அதை வீட்டோ செய்தார். அவர் பதவிக்கு வந்து ஐந்தரை ஆண்டில் பயன்படுத்திய முதல் வீட்டோ அதுதான். 2007-ல் மறுபடி ஒன்று வந்தது, மறுபடி வீட்டோ.

2009 மார்ச் 9 அன்று ஒபாமா தடையை நீக்கினார். சரி, பிரச்சினை முடிந்தது என்று பார்த்தால், 2010 ஆகஸ்ட் 23 அன்று ஒரு மத்திய நீதிபதி, டிக்கி-விக்கர் திருத்தத்தைக் காட்டி நிதி முழுவதையும் நிறுத்தச் சொன்னார். மத்திய ஆய்வகங்களில் நடந்துகொண்டிருந்த பரிசோதனைகளை மூடச் சொல்லி உத்தரவு போனது. மேல் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைக்க 17 நாள் ஆனது. வழக்கு முழுவதுமாக முடிய 2013 ஆகிவிட்டது. செல் வளர்ப்பு தெரிந்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். தினமும் உணவு மாற்ற வேண்டிய உயிருள்ள செல்கள் அவை. கோப்பை மூடி அலமாரியில் வைப்பது போல 17 நாள் மூடி வைக்க முடியாது.

இந்த வழியின் பலத்தையும் சொல்ல வேண்டும். உலகில் மருத்துவ ஆய்வுக்கு அதிகப் பணம் தரும் அரசு அமைப்பு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம்தான். விண்ணப்பங்களை அதே துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் படித்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே பழகிப்போன ஒன்று. ஆனால் கொள்கை மாறினால், ஆட்சி மாறினால், ஒரு நீதிபதியின் மனம் மாறினால் பணம் நின்றுவிடும். 2025-ல் பல துறைகளின் மானியங்கள் நடுவிலேயே ரத்தானதையும் பார்த்தோம். பதினைந்து வருடம் ஆகக்கூடிய ஒரு வேலையை இத்தனை பேர் நினைத்தால் நிறுத்தலாம் என்றால், அதில் யார் தன் வாழ்க்கையைப் போடுவார்கள்?

சந்தை

இதை அதிகம் பேச வேண்டியதில்லை. ஜெரான் கதைதான் இதற்குச் சாட்சி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் இருபதாயிரம் பக்கத்துக்கு மேல் விண்ணப்பம் கொடுத்து, 2009 ஜனவரியில் அனுமதி வாங்கி, நடுவில் எலிகளில் நுண்ணிய நீர்க்கட்டிகள் தெரிந்ததால் ஒரு வருடம் காத்திருந்து, 2010-ல் தொடங்கிய சோதனை. பதின்மூன்று மாதத்தில் கைவிடப்பட்டது. பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு நிறுவனம் அப்படித்தான் நடந்துகொள்ளும், அதில் எனக்குக் கோபமில்லை. அந்தத் தொழிலின் கணக்கு அது. பத்து வருடம் கழித்து அந்த ஐந்து பேரையும் பரிசோதித்தபோது செல்களால் பெரிய தீங்கு எதுவும் வரவில்லை என்று தெரிந்தது. அந்தப் பத்து வருடத்தில் அடுத்த நிலைக்குப் போயிருக்க வேண்டிய வேலை, கை மாறிக் கை மாறித் தடுமாறியது.

பொதுப் பணம் விலகி நிற்கும் இடத்தில் இன்னொரு சந்தையும் முளைக்கிறது. அதை எங்கள் வீடு பார்த்தது. 2012-ல் ஒரு பெரிய நகரத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிளினிக்கில், தம்பியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை அவன் முதுகில் செலுத்தினார்கள். நான்கு முறை. அம்மாவின் தாலிச் சங்கிலியும் அப்பாவின் பி.எஃப். பணத்தில் பாதியும் போயிற்று. அதனால் ஒன்றும் ஆகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: சில ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல் எதுவும் இன்னும் சிகிச்சை ஆகாது. அனுமதி பெற்ற சோதனையாக மட்டும்தான் கொடுக்கலாம், சோதனைக்கு வருபவரிடம் காசு வாங்கக் கூடாது. முதலில் பணம் கட்டச் சொல்கிறார்களா என்று பாருங்கள். கட்டச் சொன்னால் அது ஆய்வு இல்லை.

கலிஃபோர்னியா: ஓட்டும் கடனும்

நான்கு வழிகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராபர்ட் கிளைன் என்பவர் கலிஃபோர்னியாவில் வீட்டு மனைத் தொழில் செய்தவர். மகனுக்கு முதல் வகை நீரிழிவு. புஷ்ஷின் தடை நீங்கும் வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மாநில வாக்காளர்களிடமே நேரடியாகக் கேட்பது என்று முடிவு செய்தார். 2004 நவம்பரில் வந்த 71-ஆம் முன்மொழிவு அப்படிப் பிறந்தது. மாநில அரசு 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடும். அதை ஸ்டெம் செல் ஆய்வுக்கென்று அமையும் தனி நிறுவனம் பத்து வருடத்தில் செலவிடும். அதோடு, இந்த ஆய்வைச் செய்யும் உரிமையை மாநில அரசமைப்பிலேயே எழுதினார்கள். குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் இதற்கு ஆதரவாக ஒரு விளம்பரத்தில் பேசியிருந்தார். 2004 அக்டோபரில் அவர் இறந்துவிட்டார். விளம்பரம் அதற்குப் பிறகுதான் ஒளிபரப்பானது. 59 சதவீத ஓட்டில் முன்மொழிவு வென்றது.

அளவை யோசித்துப் பாருங்கள். 2007 வாக்கில் மத்திய அரசு மனிதக் கரு ஸ்டெம் செல் ஆய்வுக்குத் தந்தது வருடத்துக்குச் சுமார் 4 கோடி டாலர். ஒரு மாநிலம் சராசரியாக 30 கோடி தருவதாக வாக்குக் கொடுத்தது.

எனக்கு இதில் பிடித்தது பணத்தின் அளவைவிட அதைச் சுற்றிப் போட்ட வேலி. இந்த நிதி மாநிலத்தின் ஆண்டு பட்ஜெட்டுக்குள் வராது. ஆளுநர் மாறினாலும் சட்டமன்றம் மாறினாலும் சுலபமாகக் கை வைக்க முடியாது. 2008-ல் பொருளாதாரம் சரிந்து, கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூடச் செலவையே வெட்டிய காலத்திலும் ஆய்வு மானியங்கள் தொடர்ந்தன. ஆரம்பத்தில் மட்டும் தடங்கல் இருந்தது. வழக்குப் போட்டார்கள். 2007 வரை பத்திரங்களை விற்க முடியவில்லை. இடையில் ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் 15 கோடி டாலர் கடனாகக் கொடுத்து நிறுவனத்தை ஓட வைத்தார். புஷ் இரண்டாம் முறை பதவியேற்க அவருக்காகப் பிரசாரம் செய்த அதே குடியரசுக் கட்சிக்காரர், புஷ் தன் முதல் வீட்டோவைப் போட்ட அதே வாரத்தில் இதைச் செய்தார்.

இனி இதன் குறைகள். மூன்று இருக்கின்றன, மூன்றும் ஒரே எடை இல்லை.

முதலாவது, கடன் என்றால் வட்டி. 300 கோடி டாலர் அசலுக்கு வட்டியோடு திருப்ப வேண்டியது ஏறக்குறைய 600 கோடி. பாலம் கட்டக் கடன் வாங்கினால் ஐம்பது வருடம் பாலம் நிற்கும். ஆய்வில் பாதி தோற்கும். தோற்ற ஆய்வுக்கும் பேரன் காலம் வரை வட்டி கட்ட வேண்டும். இது நியாயமான குறைதான். ஆனால் நிச்சயமான பணத்துக்கு ஒரு விலை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது இன்னும் மோசம். நிதி நிறுவனத்தின் 29 பேர் குழுவில் பலர், நிதி வாங்கும் பல்கலைக்கழகங்களின் தலைவர்களே. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 2008-ல் 12 நிறுவனங்களுக்குக் கட்டடம் கட்ட மட்டும் 27.1 கோடி டாலர் போனது. 2012-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற ஆலோசனை அமைப்பு இதை ஆராய்ந்து, குழு அமைப்பே பாரபட்சத்துக்கு இடம் தருகிறது என்று கண்டித்தது. அதன் பிறகு பல்கலைக்கழக உறுப்பினர்கள் மானிய முடிவுகளில் ஓட்டுப் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். எட்டு வருடம் தாமதம்.

மூன்றாவதுதான் எனக்கு வலிப்பது. ஓட்டு வாங்க வேண்டுமானால் நம்பிக்கையை விற்க வேண்டும். தொலைக்காட்சியில் சக்கர நாற்காலி, நடுங்கும் கை, நினைவிழந்த தாத்தா. குணமாகிவிடும் என்று யாரும் தேதி குறித்துச் சொல்லவில்லை. ஆனால் பார்த்தவர்கள் தேதி குறித்துக்கொண்டார்கள். எங்கள் அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்ததும் அப்படி ஒரு தேதிதான். பத்து வருடம் கழித்து மருந்துக் கடையில் ஒன்றும் வராதபோது வாக்காளர்கள் கேட்டார்கள், பணம் எங்கே போயிற்று என்று. 2020-ல் இன்னொரு 550 கோடி டாலர் கேட்டு 14-ஆம் முன்மொழிவு வந்தபோது 59 சதவீதம் 51 ஆகச் சுருங்கியிருந்தது. மயிரிழையில் தப்பியது. இதே பாணியில் 2007-ல் 45 கோடி டாலர் கேட்ட நியூஜெர்சியில் மக்கள் முடியாது என்றே சொல்லிவிட்டார்கள்.

இருந்தும் இந்தப் பணம் சாதித்ததைக் காட்ட ஒரு கதை போதும். பிறக்கும்போதே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகள் உண்டு. ஏ.டி.ஏ. என்ற நொதி அவர்கள் உடலில் உண்டாகாது. சாதாரணச் சளியே உயிரை எடுத்துவிடும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கோன், குழந்தையின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, பழுதான மரபணுவுக்கு நல்ல நகலைச் சேர்த்து, திரும்பச் செலுத்தும் சிகிச்சையைப் பல வருடம் செதுக்கினார். கலிஃபோர்னியா நிதியம் அவரோடு நின்றது. 2021-ல் வெளியான முடிவில், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிகிச்சை பெற்ற 50 குழந்தைகளில் 48 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருந்தது. ஐம்பதில் நாற்பத்தெட்டு!

அடுத்து நடந்ததையும் கேளுங்கள். அதன் உரிமத்தை வைத்திருந்த ஆர்ச்சர்ட் என்ற நிறுவனம், நோயாளிகள் மிகக் குறைவு, லாபம் வராது என்று அந்தச் சிகிச்சையை ஓரம் கட்டியது. காத்திருந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை தள்ளிப்போனது. பிறகு உரிமம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்தது. வேலி போட்ட பணம் ஆய்வை முடிக்க வைத்தது. முடித்த ஆய்வை மருந்தாக்கும் கடைசி மைலில் வேலி இல்லை.

ஜெரான் கதையிலும் இந்த நிதியத்துக்கு ஒரு பாத்திரம் உண்டு. 2011-ல் 2.5 கோடி டாலர் கடன் தர முன்வந்தது. நிறுவனம் சோதனையை நிறுத்தி, வாங்கிய பகுதியைத் திருப்பித் தந்துவிட்டது. அந்தச் செல்களை ஆஸ்டீரியஸ் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கிய பிறகு, 2014-ல் இதே நிதியம் 1.43 கோடி டாலர் கொடுத்து, கழுத்தில் அடிபட்ட நோயாளிகளிடம் சோதனையை மறுபடி தொடங்க வைத்தது. சந்தை கீழே போட்டதைக் குனிந்து எடுத்தது பொதுப் பணம்தான்.

ஜப்பான்: ஒரே விதை, ஒரே வயல்

கருவைத் தொடாமலே அதே வகைச் செல் கிடைத்தால் இந்த அரசியல் முழுவதும் அடங்கிவிடுமே? கியோட்டோவின் ஷின்யா யமனாகா அதைத்தான் செய்தார். 2006-ல் எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கரு நிலைக்குத் திருப்பினார். 2007-ல் மனிதச் செல்லில் செய்தார். 2012-ல் நோபல் பரிசு. இவற்றை ஐ.பி.எஸ். செல்கள் என்கிறார்கள். "பார்த்தீர்களா, கரு ஆய்வே தேவையில்லை" என்று எதிர்ப்பாளர்கள் அன்று சொன்னார்கள். ஆனால் எந்த மரபணுக்களைத் தேட வேண்டும் என்று யமனாகாவுக்குக் காட்டியதே கரு ஸ்டெம் செல்களைப் பற்றிய ஆய்வுகள்தான். ஒரு கதவை மூடியிருந்தால் மற்றொன்று திறந்திருக்காது.

நோபலுக்குப் பிறகு ஜப்பான் அரசு பத்து வருடத்துக்கு 11,000 கோடி யென் தருவதாக அறிவித்தது. மொத்த நாடும் ஒரே விஞ்ஞானி கண்டுபிடித்த செல்லின் பின்னால் நின்றது. பலன்களும் வந்தன. 2014-ல் கோபே நகரில் மசாயோ தகாஹாஷி, எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் விழித்திரையில் அவருடைய சொந்தச் செல்லிலிருந்து வளர்த்த திசுவை வைத்தார். 2025 மார்ச்சில் கேயோ பல்கலைக்கழகம், தண்டுவடம் அடிபட்ட நான்கு பேருக்கு ஐ.பி.எஸ். செல் கொடுத்த முடிவை வெளியிட்டது. இருவருக்கு முன்னேற்றம் தெரிந்தது, அவர்களில் ஒருவர் தானாக நிற்கிறார். தம்பிக்கு அதைப் படித்துக் காட்டினேன். இந்த முறை, அடிபட்டு எத்தனை வாரத்துக்குள் என்பதையும் சேர்த்தே படித்தேன். இரண்டிலிருந்து நான்கு வாரம்.

பத்து வருட வாக்குறுதிதான் இந்த வழியின் பலம். ஆனால் அந்த வாக்குறுதியும் அதிகாரிகள் கையில்தான் இருந்தது. ஒருவருக்காகத் தனியாகச் செல் தயாரிக்கச் செலவு மிக அதிகம் என்பதால், பலருக்கும் பொருந்தும் செல்களை முன்கூட்டியே சேமித்து வைக்கும் திட்டத்தை யமனாகா நடத்திவந்தார். 2019-ல் அதற்கான பணத்தை நிறுத்தலாம் என்று அரசு அதிகாரிகள் பேச ஆரம்பித்தார்கள். நோபல் வாங்கியவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி முறையிட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே தன் நிறுவன ஊழியர்களுக்கு நிலையான வேலை தர அவர் மாரத்தான் ஓடி நன்கொடை திரட்டியவர். அவருடைய புகழால் பணம் தப்பியது. புகழ் இல்லாத விஞ்ஞானிக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

இன்னொரு பயமும் உண்டு. நாடே பணம் போட்ட துறையில் சீக்கிரம் ஒரு வெற்றியைக் காட்ட வேண்டும் என்ற அழுத்தம் வருகிறது. 2014 முதல் ஜப்பானில், ஆரம்பகட்டச் சான்று இருந்தாலே தற்காலிக அனுமதி தரும் சட்டம் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஸ்டெமிராக் என்ற தண்டுவடச் சிகிச்சைக்கு வெறும் 13 நோயாளிகளின் முடிவை வைத்து அனுமதி கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத இன்னொரு குழுவே சோதனையில் இல்லை. வெளிநாட்டு வல்லுநர்கள் பலர் கண்டித்தார்கள். நான் வீட்டில் பட்ட அடியை நினைத்துப் பார்க்கும்போது அந்தக் கண்டனத்தின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஒரு தனி மனிதர்மேல் நாட்டின் கனவு முழுவதையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா உதாரணம். குளோனிங் மூலம் மனித ஸ்டெம் செல் உருவாக்கியதாகச் சொன்ன ஹுவாங் வூ-சுக்குக்காக 2005-ல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பது போன்ற படம் அதில் இருந்தது. அந்த ஆய்வுகள் போலி என்று சில மாதத்தில் தெரிந்தது. யமனாகா நேர்மையானவர், அவருடைய ஆய்வு உண்மை. அது ஜப்பானின் அதிர்ஷ்டம். திட்டத்தின் அமைப்பு அதற்கு உத்தரவாதம் தரவில்லை.

நம் பக்கத்தில்

நான்கில் எதுவும் இல்லாமல் ஐந்தாவதாக ஒன்று நம் வேலூரில் நடந்துகொண்டிருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டார்கள். அந்த அனுபவத்தின்மேல், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணத்தில், ஸ்டெம் செல் ஆய்வு மையம் அங்கே எழுந்தது. 2024 டிசம்பரில் அலோக் ஸ்ரீவத்சவா தலைமையிலான குழு, கடுமையான ஹீமோஃபிலியா ஏ என்ற, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய் உள்ள ஐந்து பேரின் முடிவை வெளியிட்டது. அவர்களுடைய சொந்த ரத்த ஸ்டெம் செல்லில், ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணிக்கான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தியிருந்தார்கள். மரபணு தொழில்நுட்பத்தில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் கூட நின்றது. சிகிச்சைக்குப் பிறகு ஐந்து பேரில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு ஏற்படவில்லை. வாழ்நாள் முழுவதும் விலை உயர்ந்த ஊசியை நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

இதற்கு விளம்பரம் இல்லை, அஞ்சல் தலை இல்லை. ஒரு மருத்துவமனை நாற்பது வருடமாக ஒரே வேலையைச் செய்ததன்மேல் அரசுப் பணம் விடாமல் விழுந்தது. கலிஃபோர்னியாவின் கோடிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய பணம். ஆனால் ஐந்து பேரிலிருந்து ஐந்நூறு பேருக்குப் போக வேண்டுமானால், மரபணுவைச் சுமக்கும் வைரஸைத் தரமாகத் தயாரிக்கும் கூடம் வேண்டும், நோயாளிகளைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்க்க ஆட்கள் வேண்டும். அதற்கு வருடா வருடம் புதுப்பிக்கும் மானியம் போதாது.

என்னைக் கேட்டால் கலிஃபோர்னியாவின் வேலியைத்தான் எடுப்பேன். பத்து அல்லது பதினைந்து வருடத்துக்கான பணத்தை ஒரே சட்டத்தில் ஒதுக்கி, ஆண்டு பட்ஜெட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். வட்டி கொடுத்தாவது. விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை வாஷிங்டனிலிருந்து எடுப்பேன், வாங்குபவர் கொடுக்கும் மேசையில் உட்காரக் கூடாது என்ற விதியை முதல் நாளே எழுதுவேன். கட்டடத்துக்குப் பணம் கடைசியில்தான். ஜப்பானிடமிருந்து எடுக்க வேண்டியது பல வருடக் கணக்கில் யோசிக்கும் பழக்கம். அவசர அனுமதி வேண்டாம். ஆர்ச்சர்ட் கதையிலிருந்து ஒரு நிபந்தனை: பொதுப் பணத்தில் வளர்ந்த சிகிச்சையை ஒரு நிறுவனம் குறிப்பிட்ட காலம் கிடப்பில் போட்டால், உரிமம் தானாகத் திரும்பி வர வேண்டும், அதோடு செல் தயாரிக்கும் முறையும் நோயாளிகளின் தரவும் வர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்காக மற்ற எதையும் விட்டுக்கொடுக்கத் தயார்.

இதை எழுதி முடித்துத் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். இப்போது அவன் வீட்டிலிருந்தே நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறான். கலிஃபோர்னியாக் குழுவில் தொடக்கத்தில் இருந்த 29 பேரில் 10 இடங்கள் நோயாளிகள் தரப்புக்கு என்று நான் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதை ஏன்க்கா எழுதல?" என்றான். "டாக்டருங்க எல்லாரும் நடக்க வைக்கிறதப் பத்தியே பேசறாங்க. எனக்கு நடக்கிறது அப்புறம் இருக்கட்டும். யூரின் எப்ப வருதுன்னு தெரிஞ்சா போதும், படுக்கைப் புண்ணு வராம இருந்தா போதும். அத அந்த மேசையில சொல்ல எங்கள மாதிரி ஒருத்தன் வேணாமா?"

அவன் சொன்னது சரி. அந்தப் பத்து நாற்காலிகளையும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன், உரிமம் பற்றிய நிபந்தனைக்கும் மேலே.